சின்னக் கப்பலில் சிப்பாய் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பேரன் தர்மபுரி வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. ரஃப் நோட்டில் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறான். விண்வெளியில் ஒரு கடற்படையாம். அதில் பெரிய போர்க்கப்பலும் உண்டு, சின்னப் போர்க்கப்பலும் உண்டு. சின்னதில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். படமும் போட்டிருந்தான், நன்றாகவே இருந்தது.

"தாத்தா, இந்தச் சின்னக் கப்பல்ல சோல்ஜர்ஸ் எத்தனை பேரை ஏத்தலாம்?"

"கப்பலை ஓட்டறவங்களே சோல்ஜர்ஸ்தானே கண்ணு?"

"இல்ல தாத்தா. அவங்க கப்பலை ஓட்டுவாங்க, பீரங்கி சுடுவாங்க. நான் சொல்றவங்க தனி. எதிரி கப்பல்ல ஏறிச் சண்டை போடறவங்க. மரைன்ஸ்."

இத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. நம்ம மாவட்டத்தில் கடல் ஏது? நமக்குத் தெரிந்த தண்ணீர் ஒகேனக்கல்லும் ஏரியும்தான். ஆனால் யோசிக்க யோசிக்க, அவன் கேட்டது புதுக் கேள்வி இல்லை என்று புரிந்தது. 2,500 வருடமாகக் கப்பல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. அதை மூன்றாகப் பிரித்து, மூன்று நாள் சாயங்காலம் அவனோடு பேசினேன். எத்தனை பேர்? எதற்கு? யார் பேச்சைக் கேட்பார்கள்? அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எத்தனை பேர்?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருப்பீர்கள். ஏறியவுடன் பரிசல்காரர் என்ன சொல்வார்? "நீ இந்தப் பக்கம் உட்காரு, குண்டா இருக்கறவர் அந்தப் பக்கம், யாரும் எந்திரிக்கக் கூடாது." போட்டோ எடுக்க ஒருவர் எழுந்தால் போதும், பரிசல் சாயும், அவர் திட்டுவார். துடுப்புப் போடுகிறவர் ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் பாரம்.

ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கர்களின் போர்க்கப்பலும் ஏறக்குறைய இதே கதைதான். மூன்று அடுக்காகத் துடுப்புப் போடும் ட்ரைரீம் என்ற கப்பல். ஏறத்தாழ 37 மீட்டர் நீளம், அகலம் ஐந்தரை மீட்டர்தான். உள்ளே சுமார் 200 பேர். அதில் 170 பேர் துடுப்புப் போடுகிறவர்கள். கவசம் அணிந்த சிப்பாய்கள் 10 பேர், வில்லாளிகள் 4 பேர். அவ்வளவே. அந்தக் கப்பலின் ஆயுதம் அதன் வெண்கல மூக்கு. வேகமாகப் போய் எதிரிக் கப்பலின் விலாவில் இடிப்பதுதான் சண்டை. மேல்தட்டில் ஆள் கூடினால் வேகம் குறையும், கப்பல் ஆடும்.

எல்லோரும் இப்படி நினைக்கவில்லை. கி.மு. 494இல் லாடே என்ற இடத்தில் பாரசீகர்களோடு நடந்த கடற்போரில், கியோஸ் தீவுக்காரர்கள் கப்பலுக்கு 40 சிப்பாய் வீதம் ஏற்றி வந்தார்கள். நன்றாகவே போரிட்டார்கள். ஆனால் கூட வந்தவர்கள் பலர் பாதியில் ஓடிவிட்டதால் தோற்றார்கள். கி.மு. 413இல் சிராக்கூஸ் துறைமுகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஏதென்ஸ்காரர்களும் வேறு வழியில்லாமல் மேல்தட்டு நிறைய ஆட்களை ஏற்றினார்கள். தரையில் ஈட்டி எறிந்து பழகியவர்களுக்குக் கப்பலில் உட்கார்ந்தபடி எறியக்கூடத் தெரியாது என்று எதிர்த்தரப்பில் ஏளனமாகப் பேசியதாகத் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்கு ஏதென்ஸின் கடற்படை அழிந்தது.

பேரனிடம் நோட்டை வாங்கி ஒரு கணக்குப் போட்டேன். விண்வெளியில் பாரம் என்றால் எடை மட்டும் இல்லை, மூச்சும்தான். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். பத்துச் சிப்பாய், தொண்ணூறு நாள் பயணம் என்று வை. 10 × 90 × 0.84 = 756 கிலோ ஆக்சிஜன். குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் 2,700 லிட்டர். சோறு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் தனிக் கணக்கு. மூச்சையும் தண்ணீரையும் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினாலும் அதற்கு எந்திரம் வேண்டும், அந்த எந்திரத்துக்கு இடம் வேண்டும்.

"சண்டை வர்ற அந்த ஒரு நாளைத் தவிர, மீதி எண்பத்தொன்பது நாள் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

இரண்டாவது கேள்வி: எதற்கு?

நம்ம ஊர் நடுகற்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேரை வரிசையில் நிற்கவைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, ஊரைக் காத்துச் செத்தவனுக்கு என்று கல் நட்டிருக்கிறார்கள். மும்பையில் போரிவிலி பக்கம் எக்சார் என்ற இடத்திலும் இதே மாதிரி வீரக்கற்கள் உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றில் செதுக்கியிருப்பது கப்பல் சண்டை. பாய்மரம் வைத்த கப்பல்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்பது துடுப்பு, மேல்தட்டில் வில்லோடு சிப்பாய்கள். துடுப்புப் போடுகிறவன் வேறு, வில் பிடிக்கிறவன் வேறு என்று கல்லிலேயே தெரிகிறது.

இது ஒரு காரணம், எதிரியின் கப்பலைப் பிடிப்பது. நம் சோழர்கள் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல்களை அனுப்பியது இன்னொரு காரணம். படையை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் இறக்குவது. இரண்டும் பேரனுக்கு உடனே புரிந்தது.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைச் சொன்னபோது அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சிப்பாய் சொந்தக் கப்பல்காரர்களையே காவல் காக்கிறவன்.

இங்கிலாந்தில் 1664இல் கப்பலுக்கென்றே ஒரு காலாட்படை தொடங்கினார்கள். 1755இல் அது நிரந்தரமாகக் கடற்படையின் கீழ் வந்தது. அந்தக் காலத்து மாலுமிகளில் பலரைத் துறைமுகத் தெருக்களில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். சம்பளம் குறைவு, சவுக்கடி உண்டு. அவர்கள் எப்போது திரும்புவார்களோ என்ற பயம் அதிகாரிகளுக்கு. அதனால் மரைன் சிப்பாய்களின் படுக்கையைப் பல கப்பல்களில் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் நடுவில் வைத்தார்கள். கேப்டன் அறை வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனும் மரைன்தான்.

சின்னக் கப்பலில் என்ன செய்வது? பவுண்டி என்ற கப்பலின் கதையில் அந்தக் கேள்வி வருகிறது. சுமார் 28 மீட்டர் நீளம், கேப்டனையும் சேர்த்து 46 பேர். டஹிட்டி தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். கேப்டனுக்குரிய பெரிய அறையையே கன்றுத் தொட்டிகள் வைக்க எடுத்துக்கொண்டார்கள். மனிதனுக்கே இடம் இல்லாதபோது மரைனுக்கு எங்கே போவது? ஒருவரையும் ஏற்றவில்லை. கேப்டன் பிளையைத் தவிர ஆணை பெற்ற அதிகாரி இன்னொருவர்கூடக் கிடையாது. இதற்கு முன்னால் 1768இல் கேப்டன் குக் எண்டவர் கப்பலில் போனபோது 12 மரைன்கள் கூட இருந்தார்கள்.

1789 ஏப்ரல் 28 விடியற்காலை, பவுண்டியில் பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம். பிளையையும் இன்னும் 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிக் கடலில் விட்டுவிட்டார்கள். அந்தப் படகில் 3,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 47ஆம் நாள் தீமோர் தீவு போய்ச் சேர்ந்தார் பிளை. மாலுமி என்ற முறையில் அந்த மனிதரைக் கும்பிடத்தான் வேண்டும்.

1791இல் அதே கன்றுக்காக பிராவிடன்ஸ் என்ற கப்பலில் பிளையை மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை மரைன்களும் ஏறினார்கள். கலகம் இல்லை, வேலையும் முடிந்தது. ஆகவே சின்னக் கப்பலிலும் சிப்பாய் வேண்டும் என்று கணக்கை முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

முடியாது. அதே பிளை பிறகு ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் ஆனார். 1808 ஜனவரி 26இல் அவரைக் கைது செய்து பதவியிலிருந்து இறக்கியவர்கள் யார் தெரியுமா? அங்கே காவலுக்கு இருந்த சிப்பாய்களேதான்! காவல்காரன் இருந்தால் கலகம் வராது என்று யார் சொன்னது?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பென்னாகரம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். இன்னொருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன். சத்தத்தை அடக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பையனை லீடராக வைத்தேன். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலை. எழுதின பெயர்களுக்கு நான் அடி கொடுத்தேன். அந்தக் காலம், மறைக்க விரும்பவில்லை.

பள்ளி அமைதியானது. எனக்குப் பெருமை. ஒரு மாதம் கழித்து அந்தப் பையன் வருவதை நிறுத்திவிட்டான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வீடு தேடிப் போனேன். அவன் அம்மா சொன்னார்: "பேரு எழுத மாட்டேன்னு அழுவறான் சார். போற வழியில யாரும் இவங்கூட வர்றதில்ல. ஓடையில புடிச்சுத் தள்ளிட்டாங்களாம்."

என் அமைதிக்கு அவன் கொடுத்த விலை அது. காவலுக்கு வைத்தேன், ஆனால் பிள்ளைகளிடமிருந்து அவனைப் பிரித்துவிட்டேன். மறுவாரமே பலகையில் பெயர் எழுதுவதை விட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முறை வைத்து ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்று மாற்றினேன். சத்தம் குறையவில்லை. ஆனால் வேலை நடந்தது. அந்தப் பையனும் திரும்பி வந்தான்.

மூன்றாவது கேள்வி: யார் பேச்சைக் கேட்பார்கள்?

சிப்பாயைக் கப்பலுக்கு இரவல் கொடுத்த கதை நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1783 ஜூன். கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். அப்போது நம்ம பாரமகால் திப்புவின் கையில், பிரெஞ்சுக்காரர்கள் அவருக்குத் துணை. கடலில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸிடம் 18 பெரிய கப்பல்கள், பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரானிடம் 15. அதிலும் ஆள் பற்றாக்குறை. புஸ்ஸி கோட்டையிலிருந்து ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களுமாக 1,200 பேரை இறக்கிக் கப்பல்களுக்குக் கொடுத்தார். முற்றுகையில் இருப்பவன் 1,200 பேரை வெளியே அனுப்புவது என்றால் லேசான காரியமா?

ஜூன் 20இல் சண்டை. அந்தச் சிப்பாய்கள் தனியாக நின்று காவல் காக்கவில்லை, கப்பலில் குறைந்த ஆட்களின் இடத்தை நிரப்பினார்கள். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார். அவருடைய ஆட்களில் நிறையப் பேர் நோயில் படுத்திருந்தார்கள், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. சுஃப்ரான் வாங்கிய 1,200 பேரைத் திருப்பிக் கொடுத்ததோடு, தன் கப்பல்களிலிருந்து மேலும் 2,400 பேரையும் கரைக்கு உதவியாக இறக்கினார். இரவலுக்கு வட்டி! ஜூன் 29இல் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சண்டையே நின்றது. யாருக்கு யார் ஆணை இடுவது என்பது அன்று தெளிவாக இருந்தது. கப்பலில் ஏறியவன் கப்பலின் ஆள்.

அது தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2012 பிப்ரவரி 15. கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். போர்க்கப்பல் இல்லை, வணிகக் கப்பல். கொள்ளையர் பயத்துக்காக இத்தாலியக் கடற்படையின் மரைன்கள் ஆறு பேர் அதில் இருந்தார்கள். துப்பாக்கி விஷயத்தில் அவர்கள் கப்பல் கேப்டனுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். செயிண்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மீனவர்கள் செத்துப்போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்.

வழக்கு பல வருடம் நடந்தது. மரைன்கள் அரசாங்க வேலையில் இருந்தவர்கள், அதனால் இந்தியாவில் விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தது. இரண்டு குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. இதைச் சொல்லி முடித்தபோது பேரன் கேட்டான்: "கேப்டன் 'சுடாதே'ன்னு சொல்லியிருந்தா கேட்டிருக்க வேண்டியதில்லையா தாத்தா?" கேட்டே ஆக வேண்டும் என்ற விதி இல்லை என்றேன். அவன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

இன்றைக்கு என்ன செய்கிறார்கள்?

நம் பள்ளியில் படித்துக் கடற்படையில் சேர்ந்து, ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் போனில் கேட்டேன். "சார், சின்னக் கப்பல்ல சும்மா உட்கார்றவன்னு யாரும் கிடையாது. சமைக்கிறவனுக்கும் தீயணைக்கிற வேலை உண்டு. அடுத்த கப்பல்ல ஏறிச் சோதனை போடறதுக்கு எங்க ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து ஒரு குழு வச்சிருப்போம். ரொம்ப ஆபத்தான வேலைன்னா கமாண்டோக்கள் வந்து ஏறுவாங்க" என்றான்.

அதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2011 ஜனவரி 28இல் ஐ.என்.எஸ். கன்கார்சோ என்ற கப்பல், சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த பிரந்தலே 14 என்ற மீன்பிடிக் கப்பலை மறித்தது. கன்கார்சோ 50 மீட்டர்கூட இல்லாத சின்னக் கப்பல். 15 கொள்ளையர் பிடிபட்டார்கள், 20 மீனவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது ஐ.என்.எஸ். சுமித்ரா. 105 மீட்டர் நீளமுள்ள ரோந்துக் கப்பல், போர்க்கப்பல்களில் அது சிறிய வகைதான். 2024 ஜனவரி கடைசியில், கொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 850 கடல் மைல் தூரத்துக் கடலில், 36 மணி நேரத்துக்குள் இரண்டு மீன்பிடிக் கப்பல்களைக் கொள்ளையரிடமிருந்து மீட்டது. ஈமான் கப்பலில் 17 ஈரானியர், அல் நயீமி கப்பலில் 19 பாகிஸ்தானியர். அல் நயீமியில் ஏறியவர்கள் 1987இல் தொடங்கப்பட்ட நம் மரைன் கமாண்டோக்கள். நம் சின்னக் கப்பலின் சிப்பாய் பாகிஸ்தான் மீனவனைக் காப்பாற்றினான். பகைவன் யார் என்று முடிவு செய்து சுட்டுவிடுவதற்காக அவன் அங்கே இல்லை. கப்பல் கேப்டன் சொல்ல, ஏறிப் பார்த்து, காப்பாற்ற வேண்டியவனைக் காப்பாற்ற இருந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பேரனிடம் என் பதிலைச் சொன்னேன். "உன் கப்பல்ல முப்பது பேர். தனியா பத்து சோல்ஜர் ஏத்தாதே. ஓட்டறவங்கள்லயே எட்டுப் பேருக்குச் சண்டைப் பயிற்சி குடு. கூடுதலா நாலு பேரை ஏத்தறதா இருந்தா ஏத்து. ஆனா அவங்களும் எந்திரம் துடைக்கணும், சமைக்கணும், எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடணும். துப்பாக்கியை எப்ப எடுக்கணும்னு கேப்டன்தான் சொல்லணும். அவங்களைக் கேப்டன் அறை வாசல்ல மட்டும் நிறுத்திவைக்காதே."

"ஏன் தாத்தா, கேப்டனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

அப்போதுதான் அந்தக் கரும்பலகைக் கதையை அவனுக்குச் சொன்னேன். பிள்ளைகளை அடித்த தாத்தாவா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். பிறகு ரப்பரை எடுத்து, படத்தில் கேப்டன் அறை வாசலில் வரைந்திருந்த இரண்டு சிப்பாய்களையும் அழித்தான். சமையலறையில் ஒருவனை வரைந்தான். இன்னொருவனை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

கடற்படை, கடலோரக் காவல்படை, ராணுவத்தில் இருக்கும் என் மாணவர்கள் இதில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம்.

அன்றைக்குப் பெயர் எழுதின அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் பெயரை இங்கே போடவில்லை. உனக்கே தெரியும். அன்றைக்கு உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்தேனே தவிர, உன்னிடம் "என் தப்புப்பா" என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு.

எல்லோரும் நலமாக இருங்கள்.